150இலிருந்து 390க்கு: கொழும்பு வீதியில் கை பழகும் விதம்

வருடக்கணக்காக 150 சிசி மோட்டார் சைக்கிள் ஓட்டியவருக்கு கே.டி.எம். 390 டியூக்கில் (373 சிசி எஞ்சின் கொண்ட முந்தைய மொடல்) சிக்கல் தருவது வேகம் அல்ல, பழைய பழக்கம். யமஹா எஃப்.இசட். போன்ற 150 சுமார் 13 குதிரைவலு, 130 கிலோ சொச்சம். 390இல் 43 குதிரைவலு. எடை கூடுவதோ முப்பது கிலோ சொச்சம்தான்.

முதலில் ஏமாறுவது காது. 150இல் 60ஐத் தொட்டால் எஞ்சின் கத்தியே சொல்லிவிடும், மீற்றர் பார்க்கத் தேவையில்லை. 390 அதே வேகத்தில் சும்மா முனகிக்கொண்டு போகும். கொழும்பு–காலி வீதியில் 50 என்று நினைத்துப் போவீர்கள், குனிந்து பார்த்தால் 70. பிரேக் பிடித்து நிற்கும் தூரம் அங்கே கிட்டத்தட்ட இரட்டிப்பு. சிக்னல் போடாமல் ஹோல்ட்டுக்கு ஒதுங்கும் பஸ்ஸுக்குப் பின்னால் அது பெரிய வித்தியாசம். முதல் 500 கிலோமீற்றருக்கு, கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் மீற்றரை ஒரு பார்வை பாருங்கள்.

முந்துவதும் அப்படித்தான். 150இல் ஒரு கியர் குறைத்து முழுக்கத் திருகிவிட்டுக் காத்திருப்போம். இதில் அப்படிச் செய்தால் இடைவெளி திறக்கும் முன்னே வண்டி போய்ச் சேர்ந்துவிடும். கால்வாசித் திருகல் போதும்.

உண்மையான பரீட்சை ஊர்தலில்தான். மாலை நேர வெள்ளவத்தையில் 150ஐ இரண்டாம் கியரில் போட்டு கிளச்சை விட்டுவிட்டே ஊரலாம். 390இன் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 3000 சுற்று) கீழே உதறும், செயின் சடசடவென்று அடிக்கும். உதறல் பொறுக்காமல் திருகினால் முன்னால் நிற்கும் ஓட்டோவின் முதுகில் போய் முட்டும். முதல் கியரில், ஆர்பிஎம்மை 3000க்குச் சற்று மேலே அசையாமல் வைத்து, கிளச்சைப் பாதியில் பிடித்து, பின் பிரேக்கில் காலை லேசாக அழுத்துங்கள். கூட்டுவதும் குறைப்பதும் காலின் வேலை. வலது கை சும்மா இருக்கவேண்டும். கிளச் எண்ணெயில் குளித்தபடி இருப்பதால் கொஞ்ச நேரம் வழுக்கினால் ஒன்றும் ஆகாது. நீண்ட சிக்னலில் மட்டும் நியூட்ரலுக்குப் போய்விடுங்கள்.

கைப்பிடியை மணிக்கட்டு தூக்கிப் பிடிக்காதீர்கள். குழியில் விழும்போது உடம்பு பின்னால் போகும், மணிக்கட்டு தாழும், அக்சிலரேட்டர் தானாகத் திறக்கும். தொடக்கத்திலேயே தாழ்த்திப் பிடித்தால் திருக இடமிருக்காது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் பிடிக்க, மற்ற இரண்டும் முன் பிரேக்கில்.

முன் பிரேக் கூர்மையானது. 150இல் செய்வதுபோல் ஒரேயடியாகக் கவ்வாமல், முதலில் லேசாக அழுத்தி முன் ஃபோர்க் அமிழவிட்டு, பிறகு இறுக்குங்கள். காலியான வாகனத் தரிப்பிடத்தில் 40இலிருந்து பத்துத் தடவை நிறுத்திப் பார்த்தால் விரலுக்கு அளவு பிடிபடும். சூப்பர்மோட்டோ மோடைத் தொடவேண்டாம். அது பின் சக்கர ஏபிஎஸ்ஸை, அதாவது பிரேக்கில் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் அமைப்பை, நிறுத்திவிடும். மழையில் வெள்ளைக் கோட்டின்மேல் நின்று முதல் கியரில் திருகினால் பின் டயர் சுழலும். நாரஹேன்பிட்டி, நுகேகொடைப் பக்கம் ரயில் தண்டவாளத்தை நேராகக் கடவுங்கள், சாய்ந்து அல்ல.

சூட்டைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. பொரளைச் சந்தியில் நின்றால் விசிறி ஓடும், காலில் வெக்கை அடிக்கும், அது இயல்பு. விசிறி ஓடாமல் வெப்பநிலைக் கோடு ஏறினால்தான் கவலை. அப்போது வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட்டு, முதலில் விசிறியின் ஃபியூஸைப் பாருங்கள். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பார்ப்பது எஞ்சின் ஆறியபிறகு. சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகத்தில் பீறிடும். அழுத்த விகிதம் கூடிய எஞ்சின் என்பதால் 95 ஒக்டேன் பெற்றோலே நல்லது. அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பதால், ஆறாம் கியர் பெரும்பாலும் அலங்காரம்தான்.

மரைன் டிரைவ் வழியாகத் தினமும் போகிறவர்களுக்குச் செயின்தான் செலவு வைக்கும். உப்புக்காற்றும் மணலும் ஒட்டும். 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை மண்ணெண்ணெயில் துடைத்து லூப் (செயினுக்கான மசகு) அடியுங்கள். பெற்றோல் பட்டால் உள்ளே இருக்கும் றப்பர் வளையம் கெடும். உதறலைக் குறைக்கலாம் என்று கராஜில் செயினை இறுக்கச் சொல்பவர்கள் உண்டு. பின்னால் ஒருவர் ஏறி வண்டி அமிழ்ந்தால் அந்தச் செயின் இன்னும் இறுகி, ஸ்ப்ரொக்கெட் பற்சக்கரத்தையும் பெயாரிங்கையும் சேர்த்தே தின்னும்.