மெர்போக்கா, கேஎல்லா? பெடோங்லருந்து கிளம்புறவங்களுக்கு

லீவு வந்தா எங்க கெடா பெடோங்ல இதே பேச்சுதான், பிள்ளைங்கள மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னா கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, இருக்கிற தேசிய ஓவியக்கூடம் பாலாய் செனி நெகாராவா, இல்ல பக்கத்துல மெர்போக்ல இருக்கிற லெம்பா பூஜாங் தொல்பொருள் மியூசியமா. ரெண்டுக்கும் போயிருக்கேன், அதனால சொல்றேன்.

கேஎல்லுக்குப் போனது ஒரு பஸ் ட்ரிப்ல. விடியக்காலைல கிளம்பி, வழியில பசியாறிட்டு, போய்ச் சேரும்போதே மத்தியானம், உள்ள நாப்பது நிமிஷம்தான் குடுத்தாங்க, பிள்ளைங்க ஒவ்வொரு ரூமா ஓடுனதுதான் மிச்சம், அன்னிக்கு எனக்கு நெசமாவே மனசு வலிச்சுச்சு. 1958லருந்து சேர்த்து வச்ச நாட்டோட ஓவியங்க அங்கதான் இருக்கு, மெட்ராஸ்ல ஓவியம் படிச்சிட்டு வந்த சையத் தாஜுதீன் மாதிரி நம்ம மண்ணு வாசனை உள்ள ஆளுங்க வரைஞ்சதெல்லாம் ஓடிக்கிட்டே பாக்குற சாமானா?

மெர்போக் அப்படி இல்ல. கார்ல சீக்கிரம் போயிரலாம், பிடிக்கலன்னா திரும்பி வந்துட்டு அடுத்த வாரம் மறுபடி போலாம். கட்டடத்துக்குள்ள சின்ன இடம்தான், மண்ணுல செஞ்ச பிள்ளையார், சீனப் பீங்கான், மணிங்க, சீக்கிரம் பாத்துரலாம். ஆனா பின்னாடி படியேறுனா சண்டி புக்கிட் பத்து பஹாட், சண்டின்னா பழங்காலக் கோயில், அங்கதான் உக்காரணும். 1930கள்ல குவாரிட்ச் வேல்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் தோண்டி எடுத்தது, 1959-60ல அலஸ்டேர் லேம்ப்ங்கிற இன்னொரு ஆராய்ச்சியாளர் ஆளுங்கள வச்சு திரும்ப அடுக்கி நிறுத்துனாரு. முன்னாடி மண்டபம், பின்னாடி விமானம், நம்ம ஊரு கோயில் அமைப்பேதான். மண்டபத் தரையில வட்டக் கல்லுங்க வரிசையா இருக்கும், அதுமேல மரத்தூண் நின்னிருக்கும்னு சொல்றாங்க, தூணும் கூரையும் மக்கிப் போச்சு, கல்லு மட்டும் நிக்குது. என் மகள்ட்ட ஒரு பென்சிலக் குடுத்து இதுக்குக் கூரை போடுன்னு சொன்னேன், ஒரு மணி நேரம் எந்திரிக்கல. பக்கத்துலயே ஆத்துத் தண்ணி சத்தம், மேல குனோங் ஜெராய் மலை. எங்கம்மா தோட்டத்துல ரப்பர் பால்மரம் வெட்டுனவங்க, 1025ல ராஜேந்திர சோழன் படை வந்த கடாரம் இதான்மான்னதும் அந்தக் கல்லத் தடவிக்கிட்டே ரொம்ப நேரம் நின்னாங்க.

ஒரு குறை, வளாகத்துல இருக்கிற மத்த சண்டிங்க வேற இடத்துலருந்து பேத்துக் கொண்டாந்து வச்சது, அத பிள்ளைங்ககிட்ட முதல்லயே சொல்லிருங்க, இல்லாட்டி எல்லாம் இங்கேயே கட்டுனதுன்னு நெனச்சுக்குவாங்க. ஓவியம்னு கேட்டா மெர்போக்ல ஒண்ணும் கெடைக்காது, அதுக்கு கேஎல்தான் வேணும்.

அதனால சின்னப் பிள்ளைங்க இருந்தா மொதல்ல மெர்போக், அதுவும் ஒரு தடவையோட நிறுத்தாதீங்க. வரையிற ஆர்வம் உள்ள பெரிய பிள்ளைன்னா கேஎல், ஆனா ட்ரிப் பஸ் வேணாம், சொந்தக்காரங்க வீட்ல ஒரு ராத்திரி தங்கிட்டு காலைல கதவு தொறக்கும்போதே போங்க, அப்ப எந்தக் கண்காட்சி நடக்குதுன்னு முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுக்குங்க, மாத்திக்கிட்டே இருப்பாங்க.