பதினான்கு மாதம் கொலாஜன் குடித்த பிறகு

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போதே இடது குதிகாலுக்கு மேலே சுரீரென்று இழுக்கும். சுவரைப் பிடித்து நாலடி நடந்தால்தான் இளகும். வயது 47, வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறவன். அக்கிலிஸ் தசைநாண் பழுதுபட்டிருக்கிறது என்றார் பிசியோ. கூட ஓடும் அண்ணன் ஒருவர் கொலாஜன் பவுடர் சொன்னார்; தசைநாணுக்கும் தோலுக்கும் உறுதி தரும் புரதம் அது.

தினமும் 15 கிராம், ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, நெல்லிக்காய்ச் சாற்றில் கலந்து குடித்தேன். மீன் தோலில் எடுத்தது, வெந்நீரில் கரைத்தால் லேசாகக் கவிச்சை அடிக்கும். ஆட்டுக்கால் சூப் மாதிரி ஆறினால் உறையாது, ஏற்கெனவே சிறு துண்டுகளாக உடைத்த புரதம் என்பதால்.

நெல்லிக்காய் ருசிக்காக இல்லை. வைட்டமின் சி இல்லாமல் உடம்பால் உறுதியான கொலாஜன் இழையைக் கட்ட முடியாது. 2017-ல் வந்த ஓர் ஆய்வில் எட்டு ஆண்கள் வைட்டமின் சி சேர்த்த 15 கிராம் ஜெலட்டின் (கொலாஜனை வேகவைத்து எடுப்பது) குடித்து, ஒரு மணி நேரம் கழித்து 6 நிமிடம் ஸ்கிப்பிங் செய்தார்கள். கொலாஜன் உருவாவதைக் காட்டும் பொருள் அவர்கள் ரத்தத்தில் இரட்டிப்பானது. நல்ல செய்திதான். ஆனால் எட்டே பேர், அதுவும் வலி இருந்தவர்கள் இல்லை.

மூன்றாம் மாதம் வலி குறைந்தது, ஐந்தாம் மாதம் பத்து கிலோமீட்டர் ஓடினேன். இதைப் பவுடரின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. பவுடர் தொடங்கிய அதே வாரம்தான் பிசியோ சொன்ன பயிற்சியையும் தொடங்கினேன். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்லக் கீழே இறக்குவது. முட்டியை நேராக வைத்து 15 தடவை மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும். நாளுக்கு 180. தசைநாணுக்கு இதன் பலன் 1998 முதலே தெரிந்தது.

தசை வளரும் என்று வாங்குகிறவர்கள் தயவுசெய்து யோசியுங்கள். புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் உணவிலிருந்தே கிடைக்க வேண்டிய டிரிப்டோபான் கொலாஜனில் அறவே இல்லை, தசையைத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலமும் பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தைவிட மிகக் குறைவு. தசை குறைந்த 53 முதியவர்களுக்கு எடைப் பயிற்சியோடு கொடுத்தபோது தசை கூடியதாக 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே ஒப்பிட்டது புரதமே இல்லாத தூளோடு, வேயோடு இல்லை. எனக்கோ பதினான்கு மாதத்தில் தொடைச் சுற்றளவு மாறவே இல்லை.

நிறுத்தி நான்கு மாதமாகிறது, வலி திரும்பவில்லை. வாசற்படிப் பயிற்சியை விடவில்லை. டப்பாவுக்குப் போன காசில் இப்போது வீட்டில் எல்லோருக்குமே முட்டையும் சுண்டலும் கூடியிருக்கிறது.