கென்யா போகும் முன் ஒரு பயண மருத்துவ ஆலோசனை: காசுக்குத் தகுமா?

சென்னையில் சில பெரிய தனியார் மருத்துவமனைகளில் பயண மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. வெளிநாடு போகிறவர்கள் புறப்படும் முன் அங்கே டாக்டரைப் பார்த்து, போகிற ஊருக்கு என்ன ஊசி, என்ன மாத்திரை, எதில் கவனம் என்று கேட்டுக்கொண்டு வரலாம். அப்படி ஒரு பிரிவுக்கு நானும் வீட்டுக்காரரும் போய்வந்தோம். நல்லதோடு குறையும் சொல்லப்போவதால் மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை.

மகள் குடும்பம் நைரோபியில் இருக்கிறது. அவர்களைப் பார்த்துவிட்டு, அப்படியே மசாய் மாராவில் காட்டையும் விலங்குகளையும் பார்த்து வருவதாகத் திட்டம். இதற்கு முன் நாங்கள் கடல் தாண்டியதில்லை. அவருக்கு வயது 62, இரண்டு வேளை இன்சுலின். டிக்கெட் போட்ட செய்தி பரவியதுமே திருச்சியில் உள்ள உறவுக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பயத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மலேரியா, திருட்டு, சிங்கம், விமானத்தில் காலில் இரத்தம் கட்டுவது, தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போவது. எதை நம்புவது, எதை விடுவது என்று புரியாமல் எனக்குத் தூக்கமே போய்விட்டது. மகளிடம் சொன்னால் "அம்மா, இங்கே நாங்க இருக்கோம்ல" என்பாள். அவளுக்கு அது தினசரி வாழ்கிற ஊர், எங்களுக்கு அப்படி இல்லையே.

டாக்டர் ஒரு பெண்மணி. உட்கார்ந்ததும் ஊசியைப் பற்றிப் பேசவில்லை, பயணத் திட்டத்தை எடுக்கச் சொன்னார். எந்த ஊரில் எத்தனை இரவு, தங்குமிடம் கட்டடமா கூடாரமா, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு எதில் போகிறீர்கள், என்ன நேரத்தில் போகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் கேட்ட கேள்விகளுக்காகவே அந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்பேன்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யா அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்குக் கென்யாவுக்குள் நுழைய அந்தச் சான்றிதழ் கட்டாயமில்லை, நம் நாட்டுக்குள் திரும்பி வரும்போதுதான் வேண்டும். டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் இந்த நோயையும் பரப்புகிறது. கொசு இங்கே தாராளமாக இருக்கிறது, வைரஸ் மட்டும் இல்லை. அது உள்ளே வந்துவிடக் கூடாது என்பதால்தான் இத்தனை கெடுபிடி. சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். முன்பு 10 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியிருந்தது, 2016-லிருந்து ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும்.

என் கவலை வேறு. அறுபதைத் தாண்டியவர்களுக்கு முதல்முறையாக இந்த ஊசி போடும்போது அரிதான கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று எங்கோ படித்திருந்தேன். இதைக் கேட்டபோது டாக்டர் மழுப்பவில்லை. "உண்மைதான்மா. இது உயிருள்ள வைரஸைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி. அதனால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு, தைமஸ் சுரப்பியில் நோய் உள்ளவர்களுக்கு, முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போடக் கூடாது. சாருக்கு அப்படி எதுவும் இல்லை. சர்க்கரை நோய் இருக்கிறது என்பது மட்டுமே ஒரு தடை ஆகாது" என்றார். ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா என்று தனியாக ஒருமுறை கேட்டார். எல்லாவற்றையும் எடைபோட்டுச் சொல்லிவிட்டு, முடிவை எங்களிடம் விட்டார். போட்டுக்கொள்வதென்று அங்கேயே தீர்மானித்தோம்.

ஆனால் அந்த ஊசி அங்கே கிடையாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படியொரு மையம். அங்கேதான் போட்டுக்கொண்டோம். குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டுமாம், அதனால் ஆட்களைச் சேர்த்து ஒன்றாகக் கூப்பிடுகிறார்கள். நைஜீரியாவுக்கு வேலைக்குப் போகிற பையன்கள், கப்பல்காரர்கள், நடுவில் நாங்கள். மஞ்சள் அட்டையில் பாஸ்போர்ட் எண்ணை எழுதிய அம்மா, எழுதி முடித்து ஒவ்வொரு எழுத்தாக எங்களுக்கு வாசித்துக் காட்டி, "சரியா பாருங்க, ஏர்போர்ட்ல இதைத்தான் பார்ப்பாங்க" என்றார். போட்டு முடித்ததும் உடனே கிளம்ப விடாமல் கொஞ்ச நேரம் உட்காரவைத்தார்கள். அவருக்கு மறுநாள் கை வலி, லேசான அசதி. அதோடு சரி.

அடுத்தது மலேரியா. நைரோபி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே மலேரியா ஆபத்து மிகக் குறைவு. மசாய் மாராவில் உண்டு. அந்தப் பக்கத்து மலேரியாவுக்கு நம் ஊரில் முன்பெல்லாம் கொடுத்த குளோரோகுயின் வேலை செய்யாது. டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று டாக்ஸிசைக்ளின்: விலை குறைவு, ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகும் 4 வாரம் தினமும் சாப்பிட வேண்டும், வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கன்றிப்போகும். இன்னொன்று அடோவாகுவோனும் புரோகுவானிலும் சேர்ந்த மாத்திரை: விலை அதிகம், ஆனால் கிளம்ப ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கி, திரும்பியபின் 7 நாளோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாவதை எழுதும் முன் வீட்டுக்காரருடைய கிரியாட்டினின் அறிக்கையை, அதாவது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையை, கேட்டு வாங்கிப் பார்த்தார். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாதாம். சர்க்கரைக்காரர்களுக்கு இதைப் பார்க்காமல் யாரும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும் என்றும் சொன்னார்.

மாத்திரை போட்டாலும் கொசுக்கடியைத் தடுப்பதுதான் முதல் வேலை. மலேரியா கொசு கடிப்பது மாலை மங்கியதிலிருந்து விடியும்வரை. அந்த நேரத்தில் முழுக்கை, முழுக்கால் சட்டை, மேலே டீட் என்கிற கொசுவிரட்டி கலந்த களிம்பு, படுக்கையில் வலை. உடை விஷயத்தில் அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது: அடர்நீலமும் கறுப்பும் வேண்டாம். செட்சி என்கிற கடிக்கும் ஈ அந்த நிறங்களை நாடி வரும், மெல்லிய துணியைத் தாண்டியும் கடிக்கும். நான் எடுத்து வைத்திருந்த கருநீலச் சுடிதார் பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

இனி எனக்கு மிகவும் முக்கியமானது, இன்சுலின்.

வீட்டுக்காரர் சிங்கத்தைப் பற்றித்தான் கேட்டார். கூடாரத்துக்கு வெளியே வந்து நின்றால் என்ன ஆகும் என்று. டாக்டர் சொன்னார்: "சார், இரவில் காவலாளி இல்லாமல் கூடாரத்தை விட்டு வரக் கூடாது, வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இந்த இரண்டையும் கேட்டால் சிங்கப் பிரச்சினை முடிந்தது. காலையில் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும்?" திட்டத்தில் ஆறு மணி என்று இருந்தது. "டிபன்?" ஒன்பதரைக்கு, காட்டுக்குள்ளேயே. "இன்சுலின் எப்போது போடுவீர்கள்?" வீட்டில் எழுந்து குளித்ததும் போடுவார், அரை மணியில் இட்லி வந்துவிடும். அங்கே அப்படிப் போட்டால் மூன்றரை மணி நேரம் வெறும் வயிறு, குலுங்குகிற வண்டி, அக்கம்பக்கத்தில் கடையோ ஆஸ்பத்திரியோ கிடையாது. சர்க்கரை இறங்கி அவர் மயங்கினால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்து உள்ளங்கை சில்லிட்டுப்போனது. எங்களுக்குச் சிங்க பயத்தைக் கொடுத்த ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

சாப்பாடு கண்முன்னால் வந்த பிறகே காலை ஊசி என்றார் டாக்டர். அதற்கு ஏற்றபடி அளவை வழக்கமாகப் பார்க்கும் சர்க்கரை டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ளச் சொல்லி அவருக்கு ஒரு கடிதமே எழுதிக் கொடுத்தார். குளுக்கோஸ் மாத்திரையைப் பையில் வைக்காமல் சட்டைப்பையில் வைக்கச் சொன்னார், வண்டியில் பை பின்னால் போய்விடும். சோதிக்கும் கருவியும் பட்டையும் கைக்கெட்டும் இடத்தில். கென்யா நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால்தான், அதனால் நேர மாற்றத்துக்கென்று பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது, சரக்கு வைக்கும் இடத்தில் உறைந்துபோகலாம். உறைந்தது பிறகு வேலைக்கு ஆகாது. அதனால் எல்லாம் கைப்பையில், அதிலும் பாதி என் பையில், பாதி அவர் பையில். ஒரு பை தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும். மருந்தின் மூலப்பெயர் எழுதிய டாக்டர் கடிதம் பாஸ்போர்ட்டோடு. கூடாரங்களில் நாள் முழுக்க மின்சாரம் இருக்காது, ஃபிரிட்ஜை நம்ப முடியாது. தண்ணீரில் நனைத்துவைக்கும் துணிப்பை ஒன்று காட்டினார்கள். மண்பானை மாதிரிதான், ஈரம் ஆவியாக ஆக உள்ளே குளிர்ச்சி நிற்கும். அதை அங்கேயே வாங்கிக்கொண்டோம், கென்யாவில் உண்மையிலேயே கைகொடுத்தது.

காப்பீட்டு நிறுவனத்திடம் டாக்டர் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார்: ஏற்கெனவே உள்ள சர்க்கரையால் அவசரம் வந்தால் கொடுப்பீர்களா, விமானத்தில் தூக்கிவரும் செலவு அடங்குமா? பதிலை எழுத்தில் வாங்கச் சொன்னார். மாராவிலிருந்து நைரோபி நல்ல ஆஸ்பத்திரிகளுக்குச் சாலையில் பல மணி நேரம் ஆகும். அங்கே அம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் என்ற அமைப்பு 1957-லிருந்து சிறு விமானங்களில் நோயாளிகளைக் கொண்டுவருகிறது, சுற்றுலாப் பயணிகளுக்கும் அதில் சந்தா உண்டு. மாப்பிள்ளை அங்கிருந்தே எடுத்துவிட்டார். சாலையைப் பற்றியும் டாக்டர் அழுத்தமாகச் சொன்னார். பயணிகள் விபத்தில் உயிரிழப்பதற்குச் சாலைதான் முதல் காரணம், பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள், இரவில் நெடுந்தூரம் போகாதீர்கள் என்று. வயிற்றுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், மூடி உடைக்காத பாட்டில் தண்ணீர், கொதிக்கக் கொதிக்கச் சாப்பாடு. நர்ஸ் ஒருவர் கடைசியில், கென்யாவில் 2017-லிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, மாத்திரைகளைத் துணிப்பையில் கட்டுங்கள் என்று நினைவூட்டினார்.

குறைகளுக்கு வருகிறேன். டாக்டரைப் பார்க்கும் முன்பே முன்மேசையில் "ஆப்பிரிக்கா பேக்கேஜ்" என்று ஒரு பட்டியலை நீட்டிப் பணம் கட்டச் சொன்னார்கள். அதில் மூளைக்காய்ச்சல் ஊசி, வெறிநாய்க்கடி முன்தடுப்பு எல்லாம் இருந்தன. டாக்டரோ எங்கள் பயணத்துக்கு டைபாய்டும் டெட்டனஸும் போதும், நாய் கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே நைரோபிக்குப் போங்கள் என்றார். முதலில் கட்டியிருந்தால் திரும்ப வாங்க அலைந்திருக்க வேண்டும். இது சரியில்லை. பயந்துபோய் வருகிறவர்களிடம் பேக்கேஜ் விற்கக் கூடாது. முதலில் ஆலோசனைக் கட்டணம் மட்டும் கட்டுங்கள், மற்றதை டாக்டர் எழுதிய பிறகு பாருங்கள்.

எழுதிக் கொடுத்த மலேரியா மாத்திரை அவர்கள் மருந்துக்கடையிலேயே இல்லை. சொல்லி வரவழைக்க நாளானது. ஆறு வாரம் முன்பே போனதால் தப்பித்தோம், கடைசி வாரத்தில் போகிறவர்கள் திண்டாடுவார்கள். அப்புறம், கையில் கொடுத்த குறிப்புகள் முழுக்க ஆங்கிலத்தில். வயதானவர்கள் பிள்ளைகளைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிற காலத்தில் தமிழில் ஒரு தாள் அச்சடிக்க எவ்வளவு ஆகும்? நானே உட்கார்ந்து தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, மருந்துப் பையில் ஒட்டினேன்.

சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு வேறு நோய் எதுவும் இல்லையென்றால் குடும்ப டாக்டரே போதும் என்பது என் எண்ணம். ஆப்பிரிக்கா போகிறவர்கள், தினமும் மருந்தில் இருப்பவர்கள் கட்டாயம் போங்கள், பயணத் திட்டத்தை நேரத்தோடு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

திரும்பி வந்ததும் மாத்திரை முடிந்ததா என்று அந்தப் பிரிவிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்கள். மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் வாரங்கள், ஏன் மாதங்கள் கழித்தும் மலேரியா தலைகாட்டலாம் என்பதால், காய்ச்சல் என்றால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், ஆப்பிரிக்கா போய் வந்ததை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று மறுபடி சொன்னார்கள். போய்வந்த இடங்கள், தேதிகள், சாப்பிட்ட மாத்திரை எல்லாவற்றையும் எழுதி எங்கள் தெரு டாக்டரிடம் ஒரு தாள் கொடுத்து வைத்திருக்கிறேன்.