பழகுநரை எடுப்பதா, பழைய ஆளைப் பயிற்சிக்கு அனுப்புவதா?

கோவையில் புதிதாக சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷின்) வாங்கும் சின்னப் பட்டறைக்காரர்களுக்கு, அதை ஓட்ட ஆள் தேடும்போது வரும் குழப்பம் இது. பழகுநர் என்றால் உதவித்தொகை வாங்கிக்கொண்டு வேலை கற்க வரும் அப்ரண்டிஸ்.

செலவு
பழகுநர்: மாத உதவித்தொகை. அதில் 25 சதவீதத்தை, 1,500 ரூபாய் வரை, தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய அரசு ஏற்கிறது.
பழைய ஆள்: கோர்ஸ் கட்டணம், அவர் வராத நாட்களின் சம்பளம், நின்றுபோன வேலை எல்லாம் உங்கள் தலையில்.

கைப்பழக்கம்
ஐடிஐ முடித்த பையனுக்கு புரோகிராம் சீக்கிரம் பிடிபடும். ஆனால் டூல் ஆஃப்செட்டில், அதாவது டூல் நிற்கும் இடத்தை மெஷினுக்குச் சொல்லும் அளவில், ஒரு புள்ளி தள்ளிப் போட்டால் டூல் நேராகப் போய், பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் மோதும். பதினைந்து வருஷம் லேத்தில் நின்றவரோ, இன்செர்ட் (டூலின் வெட்டும் முனை) தேய்வதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்து மெஷினை நிறுத்திவிடுவார். அந்தக் காதை எந்த கோர்ஸாலும் தர முடியாது. பட்டறை முதலாளிகள் இதைக் குறைத்து மதிப்பிடுவதுதான் எனக்கு வருத்தம்.

நிலைப்பது
இருவருமே போகலாம். பயிற்சி கொடுத்துவிட்டுச் சம்பளத்தை ஏற்றாவிட்டால், போகிறவரைக் குறை சொல்லாதீர்கள்.

ஒரே மெஷின் என்றால் பழைய ஆளையே அனுப்புங்கள். இரண்டு ஷிஃப்ட் ஓட்டுகிறவர்கள் பழகுநரை எடுத்து பழைய ஆள் பக்கத்தில் நிறுத்துங்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பழகுநரை எடுப்பது சட்டப்படி கட்டாயம்.