முயலுக்கு எந்தத் தோட்டா? ஆறு குளிர்காலம் சுட்ட பிறகு

போன வாரம் ரைபிள் பழுதுபார்ப்பவரிடமிருந்து திரும்பி வந்தது. புது ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி), புது ஸ்பிரிங், கூலி எல்லாவற்றுக்கும் பணத்தைக் கட்டிவிட்டு அன்று இரவே நியூசிலாந்தின் அலெக்சாண்ட்ரா பக்கத்துப் பண்ணைக்குக் கிளம்பினேன். 40 மீட்டரில் ஒரு முயல், தலையைப் பக்கவாட்டில் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. விசையை அழுத்தினேன், வெடிக்கவில்லை. வெறும் டிக்.

எந்த 'டிக்'குக்காக அவ்வளவு செலவு செய்தேனோ அதே 'டிக்'. நான் சுட்டுக்கொண்டிருந்த தோட்டாப் பெட்டியின் முதல் 50இல் மூன்று இப்படிப் போயின.

புதிதாக லைசென்ஸ் எடுத்த தம்பி ஒருவன், "அண்ணா, முயலுக்கு எந்தத் தோட்டா வாங்கட்டும்?" என்று கேட்டதும் இதே வாரம்தான். இங்கே லைசென்ஸ் இல்லாமல் தோட்டாகூட வாங்க முடியாது. கையில் கிடைத்ததும் எல்லாருக்கும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன்.

என்னுடையது .22 எல்ஆர் என்ற சிறிய தோட்டாவைச் சுடும் ரைபிள், ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்ஷன், முனையில் சைலன்சர். ஆறு குளிர்காலமாகப் பெரும்பாலும் சுட்டது 40 கிரெய்ன் (2.6 கிராம்) சப்சோனிக் ஹாலோ பாயிண்ட், அதாவது ஒலியைவிட மெதுவாகப் போகும், முனையில் குழியுள்ள குண்டு. நம் ஊரில் காட்டு முயலைத் தொட்டால் வழக்கு. நியூசிலாந்தில் அது வெளியிலிருந்து வந்து மேய்ச்சல் நிலத்தையே மொட்டையாக்கும் பிராணி. சென்ட்ரல் ஒட்டாகோ பண்ணைக்காரர்கள் விஷம் வைத்தும் தீராமல் நம்மை வரச் சொல்கிறார்கள்.

இந்தத் தோட்டாவைச் சைலன்சரோடு முதல்முறை சுட்டது இன்னும் நினைவிருக்கிறது. காதில் விழுந்தது ஃபயரிங் பின் அடிக்கும் சத்தம், அப்புறம் குண்டு பட்ட 'தொப்', அவ்வளவுதான். இரண்டடி தள்ளி மேய்ந்த இன்னொரு முயல் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லுக்குக் குனிந்தது. ஒலியைவிட வேகமாகப் போகும் ஹை வெலாசிட்டி தோட்டாவில் சுட்டிருந்தால் முதல் வெடிக்கே அந்த மேடு காலியாகியிருக்கும். சைலன்சர் வாயு வெடிக்கும் சத்தத்தைத்தான் அடக்கும். குண்டு ஒலி வேகத்தைத் தாண்டிப் போகும்போது வரும் சாட்டையடி போன்ற சத்தத்தை எதுவும் அடக்காது.

இதில் குளிருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு இரண்டாம் வருடம்தான் உறைத்தது. ஒலியின் வேகம் 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர். இங்கே குளிர்காலமான ஜூலையில் இரவு மைனஸ் 5 ஆனால் 328தான். சப்சோனிக் தோட்டாவின் குண்டு 320 மீட்டர் அளவில் போகிறது. சற்றே வேகமான ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி வகை 326. கோடையில் இரண்டும் ஒன்றுபோல அமைதி. குளிரில் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி அவ்வப்போது 'சடக்'கென்று அந்தச் சாட்டையடிச் சத்தம் போட்டது, அதுவும் சட்டைப்பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருந்த தோட்டாக்களில்தான் அதிகம். சப்சோனிக் ஒருமுறைகூட அப்படிச் செய்யவில்லை.

ஹை வெலாசிட்டி என்றால் காற்று தள்ளாது என்று பலர் நம்புகிறார்கள். .22 எல்ஆரில் நேர்மாறு. 376 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு ஒலி வேகத்துக்கு இறங்கும் வழியில் வேகத்தை அதிகம் இழக்கிறது. பக்கக் காற்று அதைச் சப்சோனிக்கைவிடக் கூடுதலாகவே ஒதுக்குகிறது. அதன் லாபம் இறக்கத்தில் மட்டும். 50 மீட்டருக்கு ஸ்கோப்பைச் சரிசெய்தால் 100 மீட்டரில் சப்சோனிக் ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும், ஹை வெலாசிட்டி நாலைந்து சென்டிமீட்டர் குறைவாக. முயல் தலை எவ்வளவு பெரியது என்று யோசித்தால் இரண்டையுமே நான் 100க்கு நம்ப மாட்டேன். என் எல்லை 60 மீட்டர்.

இந்தப் பக்கத்து நிலம் பாறையும் காய்ந்த மண்ணும். சப்சோனிக் குண்டு சிதறாமல் தரையில் பட்டு எகிறி 'ஙொய்ங்' என்று போவதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். .22 குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். முயலுக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் விசையைத் தொடாதே, தம்பி.

இதைவிடப் பலமான .22 மேக்னம் தோட்டா ரைபிளை நண்பரிடம் வாங்கிச் சுட்டதோடு சரி. முயலுக்கு அது அதிகம், விலையும் அதிகம். ஹார்னடி 2002இல் கொண்டுவந்த .17 எச்எம்ஆர் வேறு ரகம். அந்த மேக்னம் தோட்டாவின் கூட்டை (வெளி உறையை) வாய்ப்பக்கம் சுருக்கிச் செய்தது. 17 கிரெய்ன், அதாவது 1.1 கிராம் குண்டு, விநாடிக்கு 777 மீட்டர். 100 மீட்டருக்குச் சரிசெய்தால் 50இலும் ஏறக்குறைய அதே இடத்தில் படும், நிலத்தில் பட்டால் பெரும்பாலும் பொடியாகிவிடும். ஆனால் உடம்பில் பட்டால் கறி இல்லை. மிளகு தட்டிப் போட்டுக் குழம்பு வைக்கத்தான் நான் முயலை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். சத்தமும் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்.

இனி அந்த 'டிக்'. .22 எல்ஆர் ஒரு ரிம்ஃபயர், அதாவது விளிம்பில் அடித்தால் வெடிக்கும் தோட்டா. இதில் தீப்பற்றும் மருந்தை ஈரமாகக் கூட்டுக்குள் இட்டு, சுழற்றி விளிம்புக்குள் ஓட வைக்கிறார்கள். சுற்றிலும் சீராகப் போகாமல் ஒரு இடம் வெறுமையாகிவிட்டால், ஃபயரிங் பின் அங்கே அடிக்கும்போது ஒன்றும் நடக்காது. 30 விநாடி முனையைப் பாதுகாப்பான பக்கம் காட்டிக் காத்திருந்துவிட்டு போல்ட்டைத் திறந்தேன். விளிம்பில் ஃபயரிங் பின் குத்திய பள்ளம் நன்றாக ஆழமாகவே விழுந்திருந்தது. அதே தோட்டாவை அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டேன், வெடித்தது. ஃபயரிங் பின் மேல் குற்றமே இல்லை. வெடித்த கூட்டின் பள்ளத்தையும் வெடிக்காததன் பள்ளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் எனக்குப் பழுதுச் செலவே வந்திருக்காது. பழுதுபார்த்தவரும் பார்த்திருக்கலாம்.

டிக்கைவிட மோசமானது ஒன்று நடந்ததால்தான் இவ்வளவு கோபம். அதே பெட்டியில் ஒரு தோட்டா 'புஸ்' என்று பலமில்லாமல் போனது. குண்டு தாழ்ந்து முயலின் பின்னங்காலை உடைத்தது. தைம் புதர்களுக்குள் இழுத்துக்கொண்டு போனதை இருபது நிமிடம் விளக்கோடு தேடிக் கண்டுபிடித்து முடித்துவைத்தேன். அப்புறம் குழலுக்குள் எதுவும் சிக்கவில்லை என்று பார்த்த பிறகே அடுத்த தோட்டாவைத் தொட்டேன். இதற்கு முந்தைய லாட்டுகளில் (ஒரே தடவையில் தயாரான தொகுதிகளில்) ஆயிரக்கணக்கில் சுட்டும் இந்தக் குறை வந்ததில்லை. பெட்டி அதே, படம் அதே, லாட் எண் மட்டும் வேறு. தயாரிப்பவர்கள் இதைச் சோதிக்காமல் அனுப்புவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே தம்பி, நீ ஹை வெலாசிட்டி ஹாலோ பாயிண்டே வாங்கு. நான் சுட்டவரை அது ஒருமுறைகூட 'டிக்' என்றதில்லை. முதல் வருடம் மேடு காலியானால் ஆகட்டும், காயத்தோடு ஒன்று தப்பக்கூடாது. மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு பெட்டி எடுத்து உன் குழலில் எதன் குண்டுகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுகின்றன என்று காகிதத்தில் பார். பக்கத்து வீட்டு ரைபிளில் நன்றாகப் போவது உன்னுடையதில் போகாது.

மிச்சமிருக்கும் 300 சொச்சத்தையும் ரேஞ்சில் காகிதத்தில் தீர்த்துவிடுவேன். நான் மட்டும் அந்த அமைதிக்காக, சனிக்கிழமை கடைக்குப் போய் அதே சப்சோனிக்கை வேறு லாட் எண் பார்த்து எடுக்கப்போகிறேன். அதில் முதல் 50 பண்ணைக்கு வராது.