சிறுநீர்ப்பைப் பரிசோதனைச் சேவை: கொழும்பில் எங்கள் அனுபவம்

வெள்ளவத்தையில் வசிக்கும் என் தந்தைக்கு வயது 78. வலி ஏதுமின்றிச் சிறுநீரில் இரத்தம் தென்பட்டபோது, நாங்கள் முதலில் நாடிய மருத்துவ நிலையம் அதனைத் தொற்று எனக் கருதி இரு தடவை மாத்திரைகளை எழுதிக் கொடுத்ததில் ஆறு வாரங்கள் வீணாகின. முதியவர்களுக்கு இவ்வாறு ஒரு முறை இரத்தம் போனாலே சிறுநீர்ப்பையை உள்நோக்கிக் கருவியால் பார்த்தாக வேண்டும் என எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த வேதனை இன்னும் ஆறவில்லை.

அடுத்து நாங்கள் சென்ற தனியார் வைத்தியசாலையின் சேவையை மனமாரப் பாராட்டுகிறேன். உள்நோக்கிப் பரிசோதனை மறுநாளே நடைபெற்றது. கட்டியைச் சுரண்டி எடுத்த சத்திரசிகிச்சை நிபுணர், புற்று எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்பதை அறிய அவசியமான தசைப் படலமும் மாதிரியில் இடம்பெறுமாறு கவனித்துக்கொண்டார். நோயியல் நிபுணரோ வழமையான சாயமிடலுடன் நின்றுவிடாமல், புற்றின் வகையைக் காட்டும் புரதங்களான சினப்டோபைசின், குரோமோகிரானின் ஆகிய குறிகாட்டிகளையும் சோதித்து, இது சிறுகலப் புற்றுநோய் (small cell carcinoma) என உறுதிசெய்தார். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே காணப்படும் இவ்வகை மிக விரைவாகப் பரவுவதால், சத்திரசிகிச்சைக்கு முன்னரே கீமோதெரபியைத் தொடங்குவது வழக்கம். சாதாரண வகை எனப் பெயரிட்டிருந்தால் சிகிச்சையின் ஒழுங்கே மாறியிருக்கும். கீமோதெரபி மருந்தான சிஸ்பிளாட்டினைத் தந்தையின் உடல் தாங்குமா என்பதை அறியச் சிறுநீரகச் செயற்பாட்டையும் உடனே அளந்தார்கள்.

குறை என்றால், அறிக்கை கைக்கு வரப் பன்னிரண்டு நாட்கள் சென்றன, கட்டணமும் அதிகம். எனினும் மகரகமவிலுள்ள அரச புற்றுநோய் வைத்தியசாலையான அபேக்ஷாவில் காட்டுவதற்காகத் திசு மாதிரி பதிந்த கண்ணாடித் தகடுகளைக் கேட்டபோது, அன்று மாலையே பொதிசெய்து தந்தார்கள்.