நுவரெலியா ஹோட்டல்ல நைட் ஆடிட்: ஆட்டோமேட்டிக்ல மட்டும் போட்றாதீங்க

கொவிட்டுக்கு அப்புறம் ஹோட்டல் திரும்ப திறந்ததுல இருந்து ஒரே சாஃப்ட்வேர்லதான் ராத்திரி கணக்கு முடிக்கிறேன், பேரு வேணாம். டெமோ காட்ட வந்தவர் "ஒண்ணும் செய்யத் தேவையில்ல சேர், மூணு மணிக்கு அதுவே டேட்ட மாத்திரும்"னாரு. அதாவது அன்னைக்குக் கணக்க மூடிட்டு சிஸ்டத்தோட தேதிய அடுத்த நாளுக்கு நகத்திரும். மாத்தும்தான், அதுதான் பிரச்சினையே.

கொழும்புல இருந்து நைட் மெயில் ரயில்ல வர்றவங்க பக்கத்து ஸ்டேஷன் நானுஓயாவுல இறங்கவே விடியக்காலம் ஆயிரும். வந்ததும் படுக்கணும்னு முந்தின நாள் தேதிக்கே காசு கட்டி புக் பண்ணியிருப்பாங்க, ஆட்டோல விட்டா சிஸ்டம் அத நோ ஷோ, அதாவது ஆள் வரலன்னு அடிச்சு ரூம விட்றும், அப்புறம் புள்ளகுட்டியோட குளிர்ல நடுங்கிட்டு வந்து நிக்கிறவங்களுக்கு என்ன பதில் சொல்றது? அதனால ஆட்டோவ நிப்பாட்டிட்டோம். ரயில்ல வர்ற புக்கிங்குக்கெல்லாம் ரிமார்க்ஸ்ல எழுதி, லேட் அரைவல்னு மாத்தி வச்சிட்டுதான் க்ளோஸ் பண்றது.

பார் பில் ஒண்ணு திறந்து கெடந்தாலும் டேட் நகராது, அது நல்லதுதான், ஆனா எந்த டேபிள்னு சொல்லித் தொலையாது, சும்மா சிவப்புல ஒரு மெசேஜ், தூங்கப் போன பார் தம்பிய எழுப்பித்தான் கேக்கணும். போயா, அதான் பௌர்ணமி அன்னைக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்ல, பார் பூட்டுதானே.

எனக்கு ரொம்பப் புடிச்சது ரூம் சார்ஜ் ஏத்த முந்தி அது காட்டுற லிஸ்ட். ரூம் நம்பர், ரேட், சேவிஸ் சார்ஜ், வரி எல்லாம் வரிசையா வரும். ரேட் சைபர்னு இருந்தா அது கெஸ்ட்ட கூட்டிட்டு வர்ற டிரைவருக்கு சும்மா குடுக்குற ரூமா, இல்ல பகல் டியூட்டிக்காரங்க ரேட்டே போடலயான்னு ரெஜிஸ்ட்ரேஷன் கார்ட எடுத்துப் பாத்துருவேன். ஏப்ரல் சீசன்ல ஒரே டைப் ரூமுக்கே நாலஞ்சு ரேட் ஓடும், இந்த லிஸ்ட் இல்லன்னா காலையில அக்கவுண்டன்ட் நம்மள உரிச்சிருவாரு.

வற் வரி (VAT) 15 சதவீதத்துல இருந்து 18க்கு ஏறினது 2024 ஜனவரி 1. முந்தின நாள் டிசம்பர் 31, பார்ட்டி முடிஞ்சு பில் எல்லாம் அடைக்கவே நடு ராத்திரி தாண்டிருச்சு. சாஃப்ட்வேர் சப்போர்ட்ல பன்னெண்டு மணிக்கு வரிய மாத்தச் சொல்றாங்க, ஆனா மணிக்கூட்டுல ஜனவரி வந்தாலும் நாம டேட்ட நகத்தாத வரைக்கும் சிஸ்டத்துல 31தான், அப்ப மாத்தினா 31ம் தேதி ரூமுக்கும் 18ல ஏறிரும். நல்லவேளை டேக்ஸ் கோட்ல எந்தத் தேதியில இருந்துன்னு போட ஒரு இடம் இருக்கு, அதுல 1ம் தேதின்னு குடுத்தா அது பாட்டுக்கு சரியா எடுத்துக்கிச்சு.

கரண்ட் போறதப் பத்தியும் சொல்லணும். மழை காலத்துல பாதி ரூமுக்கு சார்ஜ் ஏத்திட்டு இருக்கிறப்போ நின்னுருக்கு, திரும்ப ஓடவிட்டா ஏத்தினத விட்டுட்டு மிச்சத்த மட்டும் ஏத்துது, ரெண்டு தடவ ஏறினதே இல்ல. ஆனா யூபிஎஸ்ஸ கம்ப்யூட்டருக்கு மட்டும் குடுத்துட்டு ரவுட்டர மறந்துறாதீங்க, எங்களோடது கிளவுட், லைன் இல்லன்னா ஸ்கிரீன்ல வட்டம்தான் சுத்தும். வாங்கப் போறவங்க டெமோ அன்னைக்கே க்ளோஸ் ஓடுறப்போ வயர புடுங்கிக் காட்டச் சொல்லுங்க.